காலனி ஸ்டாப்புல பஸ் நிக்கும்

அந்தப் பைய கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க தாயி, நான் உக்காரணும். ஆங், போதும். கூடைய காலுக்குக் கீழ தள்ளிக்கிடுதேன். எலுமிச்சங்காதான், உங்க சேலையில ஒண்ணும் ஒட்டாது. டவுனுக்கா போறிய? நானும் டவுனுக்குத்தான். முக்கா மணி நேரம் ஆவும்.

இப்ப நான் ஏறுனேன்லா, அந்த ஸ்டாப்பப் பாத்தியளா? கண்டக்டர் என்ன சொன்னாரு, கேட்டியளா? "காலனி, காலனி, செங்கரடு காலனி"ன்னு மூணு தடவ சொன்னாரு. மத்த ஸ்டாப்புக்கெல்லாம் ஒரு தடவதான் சொல்லுவாரு. எங்க ஸ்டாப்புக்கு மட்டும் மூணு. ஏன்னா, நான் ஏறுதேன். இந்த ஸ்டாப்பு நான் கொண்டாந்தது தாயி. சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன். நடுரோட்டுல உக்காந்து கொண்டாந்தேன். எம்பேரு முப்பிடாதி. டெப்போவுல போயி கேளுங்க, தெரியும்.

நீங்க இந்தப் பக்கம் புதுசு போல. அப்ப மொதல்ல இருந்து சொல்லுதேன்.

இந்த பஸ்ஸு டவுன்ல இருந்து வரும்போது மொதல்ல எங்க காலனியத் தாண்டும். தாண்டி ஒரு மைலு போனா மேலச்செங்கரடு. அதான் ஊரு. ஊருன்னா அவுக இருக்கிற இடம், காலனின்னா நாங்க இருக்கிற இடம், புரியுதுல்லா? ஊருல கோயிலுக்கு முன்னால வண்டிய வளைச்சுத் திருப்பி, மறுபடியும் எங்க வாசல் வழியாத்தான் டவுனுக்கு வரும். ஆக, போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா. ரெண்டு தடவையும் எங்களத் தாண்டும். நிக்காது. நாங்க காலையில வெயில்ல ஒரு மைலு நடந்து ஊருக்குள்ள போவோம். அங்கன ஏறுவோம். ஏறி, அதே ரோட்டுல, எங்க வீட்டு வாசல் வழியாவே திரும்பி வருவோம். சன்னல் வழியாப் பாத்தா எங்க ஆடு கட்டிக் கிடக்குறது தெரியும். சட்டியில தண்ணி இருக்கா இல்லையான்னு கூடத் தெரியும். இப்படி ஒரு கூத்து எங்கயாவது உண்டா, சொல்லுங்க.

ஏன் நிக்கலன்னு கேட்டா, ஸ்டாப்பு இல்லம்பாவ. ஏன் ஸ்டாப்பு இல்லன்னு கேக்க ஆளு இல்ல. எனக்கு ஐம்பத்தாறு வயசு. எங்க மாமியா அப்படித்தான் நடந்தாவ. நானும் அப்படித்தான் நடந்தேன். மூட்டு தேஞ்சதுதான் மிச்சம்.

சரி, ஊரு ஸ்டாப்புல என்ன நடக்கும்னு கேளுங்க. அங்க கவர்மெண்டு கட்டுன நிழக்கொட ஒண்ணு இருக்கு. சிமெண்டு பெஞ்சு போட்டு, கூரை போட்டு, நல்லாத்தான் இருக்கும். அதுல நாங்க உக்கார மாட்டோம். உக்காரக் கூடாதுன்னு யாரும் எழுதிப் போடல. வாயால சொன்னதும் இல்ல. நாங்க வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிப்போம். ஊர்க்காரவ எல்லாம் ஏறி முடிச்ச பொறவு ஏறுவோம். பின்னால எடம் இருந்தா உக்காருவோம், இல்லன்னா நிப்போம். அவ்வளவுதான். அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு.

போன ஐப்பசியில ஒரு நாளு நல்ல மழ. நான் கூடையத் தூக்கிக்கிட்டு நடந்து போறேன், பாதி வழியில மழ பிடிச்சுக்கிட்டு. ஊரு போயிச் சேரும்போது தொப்பலா நனைஞ்சுட்டேன். எலுமிச்சங்கா நனைஞ்சா ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் குளிரு தாங்கல. என்ன நெனச்சேனோ தெரியல, நேரா நிழக்கொடைக்குள்ள போயி, பெஞ்சு ஓரத்துல உக்காந்துட்டேன். அந்தக் கடைசில. ஒட்டியும் ஒட்டாம.

உள்ள செண்பகவல்லியம்மா இருந்தாவ. அவுக தோட்டத்துலதான் நான் இருபது வருசமா எலுமிச்ச பறிக்கேன். அவுக மக சடங்குக்கு நான் பந்தல்ல நின்னு பாத்திரம் கழுவியிருக்கேன். அவுக வீட்டுக்காரர் செத்தப்ப, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதிருக்கேன். நெசமாவே அழுதேன். நல்ல மனுசிதான். கெட்ட வார்த்த பேசமாட்டாவ. என்னையப் பாத்தாவ. சிரிச்சாவ. சிரிச்சுக்கிட்டே, "ஏ முப்பிடாதி, மழ விட்டுட்டு, பாரு"ன்னாவ.

மழ பேயுது தாயி. சோன்னு பேயுது. கூரையில இருந்து தண்ணி ஊத்துது. எதிர்ல நிக்கிற பெட்டிக்கடை தெரியல. அவுக மழ விட்டுட்டுன்னு சொல்லுதாவ.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா, விட்டுட்டு"ன்னு சொன்னேன். சொல்லிட்டு எந்திரிச்சு, கூடையத் தூக்கிக்கிட்டு மழைக்குள்ள போயி நின்னேன்.

அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆறல. அவுக சொன்னதக் கூட விட்டுருவேன். அவுக அப்படித்தான் சொல்லுவாவ, வேற எப்படிச் சொல்லுவாவ? நான் ஆமான்னு சொன்னேன் பாத்தியளா? கண்ணால பாத்துக்கிட்டு, மேல விழுந்து நனைஞ்சுக்கிட்டு, ஆமா விட்டுட்டுன்னு சொன்னேன். அந்த நாக்க என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து மருமவகிட்ட சொன்னேன். வேற யாரு இருக்கா சொல்லுததுக்கு? எம்மவன் இசக்கிராஜ் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவான். வீட்டுக்காரர் போயி ஒம்பது வருசமாச்சு. நானும் மருமவளும் நாலு ஆடும்தான். மருமவ பேரு வினோதினி. பி.காம். படிச்சிருக்கா. ஒல்லியா இருப்பா, அதிர்ந்து பேசமாட்டா. நான் சொன்னத எல்லாம் கேட்டுட்டு, அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"நீங்க ஏன் அத்த எந்திரிச்சிய?"

கரண்டியத் தூக்கி எறிஞ்சேன். மேல படல, செவுத்துல பட்டுது. பின்ன என்ன தாயி? நேத்துப் பிறந்தது, எங்கிட்ட கேள்வி கேக்குது. எனக்குத் தெரியாதா நான் ஏன் எந்திரிச்சேன்னு? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?

மறுநாளு காலையில முடிவு பண்ணிட்டேன். அந்த ஸ்டாப்புக்கு இனி என் காலு போகாது. பஸ்ஸு வந்து எங்க காலனியில நிக்கட்டும். காலனி முன்னால ஒரு சின்னப் பாலம், அதுக்குப் பக்கத்துல கூடைய எறக்கி வச்சேன். பஸ்ஸு ஊருல திரும்பி வந்துச்சு. கைய நீட்டுனேன். டிரைவரு சேர்மக்கனி, நல்லா கருத்த மீசை வச்சிருப்பாரு, இப்ப ஓட்டுதாருல்லா, அவரேதான். என்னையப் பாத்தாரு. பாக்காத மாதிரி போயிட்டாரு. ரெண்டாவது நாளு ஆரன் அடிச்சுட்டுப் போனாரு. மூணாவது நாளு கைய மேல காட்டி, "ஊருக்கு வா"ன்னு சைகை செஞ்சுட்டுப் போனாரு. உள்ள இருந்து ஒருத்தன், "ஓசியில போறதுக்கு வீட்டு வாசல்ல வண்டி கேக்குதோ"ன்னு கத்துனான். பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்லன்னு கவர்மெண்டு சொல்லிச்சு, இவன் வீட்டுக் காசையா கேட்டோம்?

நான் விடல. தெனமும் நின்னேன். ஒரு மாசம் நின்னேன் தாயி. நின்னு பாத்துட்டு, கூடையத் தலையில வச்சுக்கிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தே போவேன். அது மூணு மைலு. ஊருக்குப் போறத விட தூரம்தான். ஆனா அந்தப் பக்கம் நடக்கும்போது மூட்டு வலிக்கல. சத்தியமா வலிக்கல.

காலனியில எல்லாரும் என்னையக் கிறுக்கின்னு சொன்னாவ. "ஊர்க்காரவ தோட்டத்துலதான நமக்கு வேல, எதுக்கு வம்பு?"ன்னு எந்தம்பியே வந்து சொன்னான். நான் போடான்னுட்டேன்.

மருமவ என்ன செஞ்சான்னு கேளுங்க. நான் இங்க கைய நீட்டிக்கிட்டு நிக்கேன், அவ வாசல்ல நின்னு போன்ல படம் பிடிச்சுக்கிட்டு இருக்கா. ஒரு நோட்டு வச்சு என்னமோ எழுதுதா. எந்த நேரத்துக்கு வண்டி வந்துச்சு, நம்பர் என்ன, நின்னுச்சா நிக்கலையான்னு. "ஏட்டி, சோறு பொங்கிட்டியா, ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுப் போட்டியா, படம் எடுத்துக்கிட்டு நிக்க?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். "பொங்கிட்டேன் அத்த, போட்டுட்டேன் அத்த"ன்னா. ஒரு திங்கக்கெழம, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனா. பொறவுதான் தெரியுது, கலெக்டரு ஆபீசுல மனு குடுக்கப் போயிருக்கா. எங்கிட்டயே பொய்யி. மனு குடுத்ததும் இல்லாம, இந்த வழியில என்னென்ன ஸ்டாப்பு இருக்குன்னு டெப்போவுக்கு ஒரு காயிதம் வேற எழுதிப் போட்டிருக்கா. கேட்டா பதில் சொல்லியே ஆவணுமாம், சட்டமாம்.

பதிலும் வந்துச்சு. கார்த்திகை கடைசில போஸ்டுமேன் கொண்டாந்து குடுத்தாரு. இவ வாசிச்சுட்டு அப்படியே நிக்கா. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டு. என்னட்டின்னு கேட்டேன்.

"அத்த, நம்ம ஸ்டாப்பு இருக்கு. எட்டாவது ஸ்டாப்பு, செங்கரடு காலனின்னு போட்டிருக்கு. பதினோரு வருசமா இருக்கு. நிறுத்தாமத்தான் போயிருக்காவ."

"காயிதத்துல இருந்தா?"ன்னேன். "காயிதத்துல பஸ்ஸு நின்னா நான் காயிதத்துலயா ஏற?"

சரிதான? நீங்களே சொல்லுங்க. காயிதம் வந்து என்ன செய்யும்? நான் உக்காந்தேன், அதான் நடந்துச்சு. மறுநாளு காலையிலயே உக்காந்தேன். முந்தின நாளு சாயந்திரம் அவ, "அத்த, நாளைக்கு வண்டி வரும்போது முன்னால உக்காந்துருவமா, நான் காயிதத்தோட நிக்கேன்"னு சொன்னாதான். ஆனா அவ சொன்னதுக்காக நான் உக்காரல. எனக்காத் தோணித்தான் உக்காந்தேன்.

எட்டு மணி வண்டி. ஊருல இருந்து நெறைய ஆளு ஏத்திக்கிட்டு வருது. நான் பாலத்துக்கு முன்னால, ரோட்டு நடுவுல, சேலைய இழுத்துச் சொருவிக்கிட்டு சம்மணம் போட்டு உக்காந்தேன். வண்டி வருது. ஆரன் அடிக்காரு. நான் அசையல. அடிக்காரு அடிக்காரு அடிக்காரு. வண்டி என் மூக்குக்கு முன்னால வந்து நின்னுச்சு. சூடு மூஞ்சியில அடிக்கி. பயமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. மூத்திரமே வந்துட்டு கொஞ்சம். யாருகிட்டயும் சொல்லிராதிய.

சேர்மக்கனி எறங்கி வந்தாரு. "ஏ கெழவி, சாவணும்னா வேற வண்டியப் பாரு"ன்னாரு.

"சாவ வரல. ஏற வந்தேன்."

"இங்க ஸ்டாப்பு இல்லன்னு எத்தன தடவ சொல்ல?"

அப்பந்தான் இவ வந்தா. நைட்டி மேல துண்டு கூடப் போடல, பரபரன்னு வந்தா, கையில அந்தக் காயிதம். அதிர்ந்து பேசாத பிள்ளைன்னு சொன்னேன்லா? அன்னைக்கு அவ தொண்டையில இருந்து வந்த சத்தம் எனக்கே புதுசு. ஒண்ணாவது ஸ்டாப்புல இருந்து ஆரம்பிச்சு, பஸ்ஸுக்குள்ள இருக்கிறவுகளுக்கும் கேக்குத மாதிரி, ஒவ்வொண்ணா வாசிக்கா. எட்டாவது ஸ்டாப்புக்கு வந்ததும் நிறுத்தி, ரெண்டு தடவ வாசிச்சா. வாசிச்சுட்டு, பேனாவ எடுத்து டிரைவருகிட்ட நீட்டுதா.

"அண்ணே, இங்க நிறுத்த முடியாதுன்னு இதுக்குப் பின்னால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும். எங்க அத்தைய நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

சேர்மக்கனி பேனாவப் பாத்தாரு, காயிதத்தப் பாத்தாரு, பின்னால திரும்பி பஸ்ஸுக்குள்ள இருக்கிறவுகளப் பாத்தாரு. "நான் என்ன செய்ய, ஊர்க்காரவ நிறுத்தக் கூடாதுன்னு..."ன்னு ஆரம்பிச்சு, நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. அது போதும்லா? இவ அதையும் போன்ல பிடிச்சுட்டா.

ஏதோ வாசிச்சா, நல்லாத்தான் வாசிச்சா, இல்லங்கல. ஆனா நான் ரோட்டுல உக்காந்திருந்ததுனாலதான வண்டி நின்னுச்சு? வண்டி நின்னதுனாலதான அவளால வாசிக்க முடிஞ்சுது? அத யாரும் நெனச்சுப் பாக்க மாட்டக்காவ.

பொறவு காலனிப் பொம்பளைக ஒண்ணொண்ணா வந்தாளுக. மொதல்ல வாசல்ல நின்னு பாத்தாளுக. அப்புறம் ஒருத்தி வந்து எம்பக்கத்துல உக்காந்தா. அப்புறம் இன்னொருத்தி. கடைசில பதினாலு பேரு. பஸ்ஸுல இருந்து ஊருப் பயலுவ எறங்கி வஞ்சானுவ. என்ன வஞ்சானுவன்னு சொல்லமாட்டேன், நீங்க படிச்ச பிள்ள. போலீசு வந்துச்சு. டெப்போவுல இருந்து ஒரு ஆபீசரு பைக்குல வந்தாரு. காயிதத்த வாங்கிப் பாத்துட்டு, வேர்வையத் தொடச்சுக்கிட்டு, "நாளையில இருந்து நிக்கும்மா, எந்திரிங்க"ன்னாரு.

"நாளைக்கு வேண்டாம் சார். இப்ப. நான் ஏறுன பொறவு வண்டிய எடுங்க"ன்னேன்.

ஏறுனேன். முன்னால ஏறுனேன். முன் சீட்டுல ஒரு எடம் இருந்துச்சு. பக்கத்துல யாரு? செண்பகவல்லியம்மா. சன்னலப் பாத்துக்கிட்டு இருக்காவ. நான் கூடைய எறக்கிட்டு, உக்காந்தேன். இந்தா, இப்ப உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்லா, இதே மாதிரி. அவுக என்ன செஞ்சாவ? எந்திரிச்சாவ. எந்திரிச்சு, கம்பியப் பிடிச்சுக்கிட்டு, டவுன் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாவ. முக்கா மணி நேரம். அவுகளுக்கும் மூட்டு வலி உண்டு. வலிச்சிருக்கும். வலிக்கட்டும்னு நானும் சன்னலப் பாத்துக்கிட்டு வந்தேன்.

அதோட அவுக தோட்டத்துல எனக்கு வேல போச்சு. எனக்கு மட்டும் இல்ல, கூட உக்காந்தவளுகள்ல அங்க வேல பாத்த ஆறு பேருக்கும் போச்சு. "வேற ஆளு இருக்கு, வரவேண்டாம்"னு சொல்லி விட்டாவ. இப்ப மலையடிவாரத்துல ஒரு பாய் தோட்டத்துல பறிக்கேன். தூரந்தான். பரவால்ல. பஸ்ஸுலதான போறேன்.

மார்கழியில ஒரு சங்கத்துல இருந்து ஆளுக வந்தாவ. எனக்குப் பொன்னாடை போத்துனாவ தாயி. என் வீட்டு வாசல்ல நாலஞ்சு பிளாஸ்டிக் சேரு போட்டு, போட்டோ எடுத்து, கூட்டம் கூடி, கலியாண வீடு மாதிரி இருந்துச்சு. மனு எழுதுனது யாருன்னு கேட்டாவ. எழுதுனது யாரா இருந்தா என்ன சார், உக்காந்தது நான்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாவ. அதுல ஒரு பொண்ணு வினோதினியப் பிடிச்சு இழுத்து ஒரு சேருல உக்கார வச்சிட்டா. அந்த நேரம் பாத்து எந்தம்பி வாரான். அதான், வம்பு வேண்டாம்னு சொன்னானே, அவன்தான். அவனுக்குச் சேரு இல்ல. நான், "ஏட்டி, எந்தம்பி நிக்கான்லா, கண்ணு தெரியலையா, எந்திரி"ன்னேன். எந்திரிச்சு உள்ள போயி எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டாந்தா. நல்ல பிள்ள. வளர்ப்பு நல்ல வளர்ப்பு. அதுல குறை சொல்ல முடியாது.

அப்படி இருந்தவதான் தாயி. அப்படி இருந்தவதான் தையில எனக்கு இப்படிச் செஞ்சா.

டவுன்ல ஒரு வக்கீல் ஆபீசு இருக்கு. கலியாணம் ஆன புதுசுலயே அங்க டைப் அடிக்க, கணக்குப் பாக்கன்னு கூப்பிட்டாவ. நான் விடல. எம்மவனும் விடல. வீட்டுல ஒரு ஆளு வேண்டாமா? நான் வேலைக்குப் போயிட்டா ஆட்ட யாரு பாக்க? அவன்தான் சம்பாதிக்கான்லா? பி.காம். படிச்சா ஆடு மேய்க்கக் கூடாதுன்னு சட்டமா? அதோட அது முடிஞ்சுட்டுன்னுதான் நான் நெனச்சேன்.

ஒரு திங்கக்கெழம எந்திரிச்சுப் பாக்கேன். சோறு பொங்கி, கொழம்பு வச்சு, ஆட்ட மாத்திக் கட்டி, தண்ணி எடுத்து எல்லாம் முடிஞ்சிருக்கு. இவ சேலைக்கு ஊக்கு குத்திக்கிட்டு கண்ணாடி முன்னால நிக்கா. தோள்ல பையி.

"எங்கட்டி?"

"வக்கீல் ஆபீசுல மறுபடி கூப்பிட்டாவ அத்த. பஸ்ஸு விசயத்தப் பேப்பர்ல பாத்துட்டு, நம்மள மாதிரி ஆளுகளுக்கு மனு எழுத ஆளு வேணும்னாவ. இன்னைக்குச் சேரணும்."

"யாரக் கேட்ட?"

"கேட்டா விடமாட்டிய. அதான் கேக்கல."

சொல்லிட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டுப் போறா. பஸ்ஸு வருது. ஜம்முன்னு வந்து எங்க ஸ்டாப்புல நிக்கி. இவ ஏறுதா. எனக்கு என்ன செய்யணும்னு தெரியல. நான் கொண்டாந்த பஸ்ஸு, நான் கொண்டாந்த ஸ்டாப்பு, அதுலயே ஏறி எனக்கே டாட்டா காட்டுனா எப்படி இருக்கும்? காலு தானா போச்சு. வண்டிக்கு முன்னால போயி, ரோட்டு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன்.

சேர்மக்கனி எறங்கி வந்தாரு. எனக்கு முன்னால குத்த வச்சு உக்காந்தாரு. "ஏம்மா, நிறுத்தலன்னு உக்காந்திய, நிறுத்திட்டோம். இப்ப எடுக்கக் கூடாதுன்னு உக்காந்தா, நான் எந்தக் காயிதத்தப் பாக்க?"

"வீட்டு விசயம், நீரு போவும்"னேன்.

பஸ்ஸுக்குள்ள இருந்து எங்க காலனிப் பொம்பளைகளே கத்துதாளுக. அன்னைக்கு எம்பக்கத்துல உக்காந்தவளுக. "சித்தி, எந்திரிங்க, வேலைக்கு நேரமாவுது. அந்தப் பிள்ள போனா உங்களுக்கு என்ன?" பாத்தியளா, இவளுகளுக்காகத்தான் நான் வேலைய விட்டேன். நான் எந்திரிக்கல. யாருக்காகவும் எந்திரிக்கல.

வினோதினி எறங்கி வந்தா. சரி, வழிக்கு வந்துட்டா, வீட்டுக்குத் திரும்பிருவான்னு நெனச்சேன். அவ எங்கிட்ட வந்து நின்னா. அழல, கோவப்படல.

"அத்த, நீங்க உக்காருங்க. இது உங்க ஸ்டாப்பு. நான் ஊருக்கு நடந்து போயி, அங்கன நின்னு அடுத்த வண்டியில ஏறிக்கிடுதேன்"னா.

சொல்லிட்டு, ஊரப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டா. வெறும் பேச்சுக்கு இல்ல தாயி. விறுவிறுன்னு நடக்கா. பாலம் தாண்டிப் போயிட்டா.

அங்க ஏறுனாலும் இந்த வழியாத்தான வண்டி வரணும், அதையும் நான் மறிக்கலாம்லா? அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அந்த நேரத்துல அது ஒண்ணும் தோணல. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், அந்த ஊக்கு குத்துன சேலையோட, பி.காம். படிச்ச எம்மருமவ நிக்கா. ஊர்க்காரவ ஏறுத வரைக்கும் நிக்கா. செண்பகவல்லியம்மா பெஞ்சுல உக்காந்து சிரிக்காவ. அதுதான் கண்ணுல தெரியுது. வேற ஒண்ணும் தெரியல.

எந்திரிச்சேன். ஓடுனேன். இந்த மூட்ட வச்சுக்கிட்டு எப்படி ஓடுனேனோ. "ஏட்டி, நில்லு! நில்லுட்டி மூதி!"ன்னு கத்திக்கிட்டே போயி, அவ பைய எட்டிப் பிடிச்சேன். மூச்சு வாங்குது. வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன்.

"அங்கன போயி நிக்கதுக்கா நான் ரோட்டுல உக்காந்தேன்? வாட்டி இங்க! ஏறுனா இங்கதான் ஏறணும். இல்லன்னா காலு ரெண்டையும் ஒடிச்சுப் போடுவேன்!"

கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தேன். சேர்மக்கனி வண்டிய எடுக்காமத்தான் நின்னாரு. நல்ல மனுசன், முன்னால தெரியாம இருந்துட்டேன். அவ முதுகுல கைய வச்சு, படியில ஏத்திவிட்டேன். "முன்னால போயி உக்காரு"ன்னு சொல்லிவிட்டேன். எல்லாரும் பாத்தாவ. ஆக, அவளா வேலைக்குப் போவல, கேட்டுக்கிடுங்க. நான்தான் ஏத்தி விட்டேன். நான் மட்டும் ஏத்தி விடலன்னா அவ போயிருப்பாளா? ஊருக்குள்ள நடந்து போயி நின்னிருப்பா. அவ்வளவுதான் அவ கூறு.

இன்னையோட பதினாறு நாளாச்சு. நான் அவகிட்ட பேசல. ஆட்ட நான்தான் மேய்க்கப் பத்துதேன். அவ காலையில சோறு பொங்கி வச்சுட்டுப் போறா, சாயந்திரம் வந்து பாத்திரம் கழுவுதா, துணி தொவைக்கா. அது அவ வேல, அத நான் கேக்கல. நான் பேசாம இருக்கேன், அதான் தண்டனை. அவ தெனமும், "அத்த, போயிட்டு வாரேன்"னு சொல்லுதா. நான் ஆட்டப் பாத்து, "போ"ங்கேன்.

நேத்து சாயந்திரம் எம்மவன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணுனான். எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். "ஏம்மா அவள வேலைக்கு விட்ட? உன்னால ஒரு பொம்பளைய நிறுத்த முடியலையா? நாளைக்கே நிப்பாட்டு"ன்னு குதிக்கான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"ஏல, ரெண்டு தடவ நடுரோட்டுல உக்காந்துட்டேன். மூட்டு போச்சு. இனி எங்கிட்ட தெம்பு இல்ல. நிறுத்தணும்னா நீ வால. வந்து காலையில எட்டு மணிக்கு நீ உக்காரு பஸ்ஸுக்கு முன்னால. அந்தச் சூடு மூஞ்சியில அடிக்கும்லா, அப்பத் தெரியும். நான் வீட்டு வாசல்ல நின்னு பாக்கேன்"னேன்.

போன வச்சுட்டான். வரமாட்டான். எனக்குத் தெரியும், அவனுக்குச் சின்னதுல இருந்தே வண்டின்னா பயம்.

அவ கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பாத்திரம் கழுவுத சத்தம் நின்னுட்டு, அதுலயே தெரியும்லா? சிரிக்காளா அழுதாளான்னு தெரியல. நான் திரும்பிப் பாக்கல. பாக்காத மாதிரி எந்திரிச்சு ஆட்டுப் பக்கம் போயிட்டேன்.

பின்ன? சம்மதம்னு நெனச்சிரக் கூடாதுல்லா.